உயிரியலாளர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுக்களுக்கு: அந்த மூன்று கட்டங்களை எடுத்துவிடுங்கள்

பல்கலைக்கழகங்களிலும் ஆய்வு நிறுவனங்களிலும் உயிரியல் துறைக்கு ஆள் எடுக்கிற, பதவி உயர்வு தருகிற, ஆய்வு நிதி ஒதுக்குகிற குழுக்களில் இருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் விண்ணப்பப் படிவத்தில் மூன்று கட்டங்கள் இருக்கின்றன. மொத்த மேற்கோள்கள் எத்தனை, அதாவது மற்றவர்கள் தங்கள் கட்டுரைகளில் இவர் கட்டுரைகளை எத்தனை தடவை குறிப்பிட்டிருக்கிறார்கள்; கட்டுரைகளின் எண்ணிக்கையையும் மேற்கோள்களையும் சேர்த்துப் போடும் எச்-இன்டெக்ஸ் எவ்வளவு; கட்டுரை வெளிவந்த ஆய்விதழின் இம்பாக்ட் ஃபேக்டர், அதாவது அந்த இதழின் கட்டுரைகளுக்குச் சராசரியாகக் கிடைக்கும் மேற்கோள், என்ன. அந்த மூன்றையும் படிவத்திலிருந்து எடுத்துவிடுங்கள், அந்த இடத்தில் விண்ணப்பதாரர் தாமே தேர்ந்தெடுத்த மூன்று கட்டுரைகளைக் கேட்டு வாங்கி, அவற்றைப் படித்துவிட்டுக் கூட்டத்துக்கு வாருங்கள். இந்த மடலில் நான் கேட்பது இவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்பதைச் சொல்லத்தான் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

நானும் உயிரியல் ஆய்வில் இருக்கிறேன். இத்தகைய படிவங்களை நிரப்பியிருக்கிறேன், மற்றவர்கள் நிரப்பியதை மதிப்பிடும் கூட்டங்களிலும் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே நடப்பது உங்களுக்கும் தெரியும். ஒருவர் பெயரை வாசித்ததும் அடுத்ததாக அவருடைய எச்-இன்டெக்ஸை யாராவது சொல்வார்கள், அதற்கு அப்புறம் அவரைப் பற்றிப் பேசுகிற எல்லாமே அந்த எண்ணுக்கு விளக்கம் சொல்வதாக மாறிவிடும். எண் பெரிதாக இருந்தால் அவருடைய ஆய்வில் இருக்கும் ஓட்டைகளைப் பற்றிக் கேட்க யாருக்கும் மனம் வருவதில்லை. எண் சிறிதாக இருந்தால் அந்த ஆய்வு என்ன கண்டுபிடித்தது என்று கேட்பதற்கே நேரம் ஒதுக்கப்படுவதில்லை. இதை யாருடைய கெட்ட எண்ணம் என்றும் நான் சொல்லவில்லை. ஒரு எண் மேசையில் இருந்தால் கண் அங்கேதான் போகும், எனக்கும் போனது, அதனால்தான் அது மேசைக்கே வரக்கூடாது என்கிறேன்.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால், ஆளை எடைபோட யாரும் இவற்றைத் தொடங்கவில்லை. யூஜின் கார்ஃபீல்ட் என்ற தகவல் அறிவியலாளர் 1955-இல் மேற்கோள் அட்டவணை ஒன்று வேண்டும் என்று எழுதினார். ஒரு பழைய கட்டுரையைப் பின்னால் யார் யார் எடுத்துப் பேசினார்கள், யார் அதில் தவறு கண்டார்கள் என்று தேடிப் பிடிக்க ஒரு வழி வேண்டும், தவறான தரவை யோசிக்காமல் திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டுவது நிற்க வேண்டும் என்பது அவருடைய அக்கறை. 1964-இல் அந்த அட்டவணை சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ் என்ற பெயரில் வெளிவந்தது. அந்த அட்டவணையில் எந்தெந்த ஆய்விதழ்களைச் சேர்ப்பது என்று முடிவு செய்யத்தான் கார்ஃபீல்டும் அவருடன் வேலை பார்த்த இர்விங் ஷெரும் இம்பாக்ட் ஃபேக்டரை உருவாக்கினார்கள். எச்-இன்டெக்ஸ் 2005-இல் வந்தது, முன்வைத்தவர் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். குறைந்தது 20 மேற்கோள் பெற்ற கட்டுரைகள் உங்களிடம் 20 இருந்தால் உங்கள் எண் 20, அவ்வளவுதான் கணக்கு. ஹிர்ஷ் இதை ஆளை மதிப்பிடத்தான் முன்வைத்தார், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் துறைக்குத் துறை இந்த எண் பெரிய அளவில் மாறும் என்பதை அவரும் அந்தக் கட்டுரையிலேயே சொல்லியிருக்கிறார். உங்கள் படிவத்தில் அந்த எச்சரிக்கைக்கு இடம் இல்லை.

சரி, மேற்கோள் எதைத்தான் அளக்கிறது? உயிரியலில் இதற்குத் தெளிவான ஒரு சான்று இருக்கிறது. அறிவியல் வரலாற்றிலேயே அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை, ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் முறையைச் சொன்ன கட்டுரை. ஆலிவர் லோரியும் அவருடன் இருந்தவர்களும் 1951-இல் எழுதியது. மூன்று லட்சத்துக்கும் மேலான மேற்கோள்கள். அதற்கு அடுத்த இடங்களில் இருப்பவை லெம்லி 1970-இல் எழுதியதும் பிராட்ஃபோர்ட் 1976-இல் எழுதியதும். முதலாவது புரதங்களை ஜெல்லில் பிரித்துப் பார்க்கும் முறை, இரண்டாவது மறுபடியும் புரதத்தை அளக்கும் முறை. நேச்சர் இதழ் 2014-இல் அதிகம் மேற்கோள் பெற்ற 100 கட்டுரைகளின் பட்டியலை வெளியிட்டபோது டிஎன்ஏ இரட்டைச் சுருளைச் சொன்ன வாட்சன், கிரிக் கட்டுரைக்கு அதில் இடமே கிடைக்கவில்லை. லோரியே தன்னுடைய அந்தக் கட்டுரையைப் பெரிய கண்டுபிடிப்பு என்று கருதவில்லை.

முறைகளை நான் குறைத்துப் பேசவில்லை. நல்ல முறை ஒன்றைத் தருவது பெரிய கொடை, இன்றைக்கும் எங்கள் ஆய்வகங்கள் அவற்றை நம்பித்தான் ஓடுகின்றன. நான் சொல்வது வேறு. எத்தனை பேருக்கு ஒரு கட்டுரையைக் குறிப்பிட வேண்டிய தேவை வந்தது என்பதைத்தான் மேற்கோள் எண்ணிக்கை சொல்கிறது. இந்த மனிதர் எதைக் கண்டுபிடித்தார், எவ்வளவு கவனமாகச் செய்தார், அது நிற்குமா என்ற கேள்விகளுக்கு அதில் பதில் கிடையாது. நீங்கள் கேட்க வேண்டியவையோ பின்னால் சொன்ன அந்தக் கேள்விகள்தான்.

இம்பாக்ட் ஃபேக்டர் விஷயம் இதைவிட மோசம், ஏனென்றால் அது அந்த ஆளின் கட்டுரையைப் பற்றிய எண்ணே கிடையாது. ஓர் ஆய்விதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளுக்கு இந்த ஆண்டு கிடைத்த மேற்கோள்களைக் கூட்டிக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வரும் சராசரி. அக்டா கிரிஸ்டலோகிராஃபிகா என்ற இதழின் ஏ பிரிவில் ஜார்ஜ் ஷெல்ட்ரிக் 2008-இல் ஷெல்எக்ஸ் மென்பொருளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். படிக அமைப்புகளைக் கணக்கிடுபவர்களில் மிகப் பலர் அந்த மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள், எனவே அவர்கள் அதைக் குறிப்பிட்டார்கள். சுமார் 2 என்று இருந்த அந்த இதழின் இம்பாக்ட் ஃபேக்டர் அடுத்த ஆண்டு 50-ஐ நெருங்கிவிட்டது. அதே இதழில் அதே காலத்தில் எழுதிய மற்றவர்களின் கட்டுரைகள் ஓர் இரவில் இருபத்தைந்து மடங்கு சிறந்தவையாக ஆகிவிடவில்லை. ஆனால் அவர்களில் யாராவது அந்த ஆண்டு உங்கள் படிவத்தை நிரப்பியிருந்தால் அந்தக் கட்டத்தில் 50 என்று எழுதியிருப்பார்கள், நீங்களும் அதைப் படித்துப் புருவம் உயர்த்தியிருப்பீர்கள்.

எனக்கு இதில் மிகவும் வலிப்பது, உயிரினங்களை இனம் கண்டு பெயரிட்டு வகைப்படுத்தும் வகைப்பாட்டியலில் வேலை செய்பவர்களின் நிலைமை. ஒரு விலங்கின் அறிவியல் பெயரை முழுமையாக எழுதும்போது அதற்குப் பெயர் சூட்டியவரையும் ஆண்டையும் சேர்த்து எழுதுவோம். லின்னேயஸ், 1758 என்று எத்தனை கட்டுரைகளில் பார்த்திருப்பீர்கள். ஆனால் அந்தப் பெயரும் ஆண்டும் கட்டுரையின் உடலில் நிற்கும், பின்னால் இருக்கும் ஆதாரப் பட்டியலுக்குப் பெரும்பாலும் போவதில்லை. மேற்கோளை எண்ணும் கணினியோ ஆதாரப் பட்டியலை மட்டும்தான் படிக்கும். ஆகவே ஒரு சிற்றினத்தைக் கண்டுபிடித்து, மற்ற எல்லாவற்றிலிருந்தும் அது எப்படி வேறுபடுகிறது என்று காட்டி, பெயர் சூட்டி, மாதிரியை அருங்காட்சியகத்தில் வைத்த ஒருவருடைய பெயரை ஆயிரம் பேர் எழுதினாலும் அவருடைய கணக்கில் ஏறுவது சில மேற்கோள்களாகவே இருக்கலாம். அந்தப் பெயர்தான் அந்த உயிரினத்தைப் பற்றிய எல்லா ஆய்வுக்கும் அடித்தளம், மருத்துவத்துக்கும், வேளாண்மைக்கும், காடுகளைக் காப்பதற்கும்.

ஒன்றைச் சொல்கிறேன். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் மலேரியா ஆய்வாளர்களைக் குழப்பிய ஒரு புதிர் இருந்தது. அனாஃபிலிஸ் மாகுலிபென்னிஸ் என்ற கொசு நிறைந்த சில இடங்களில் மலேரியா இருந்தது, அதே கொசு நிறைந்த வேறு இடங்களில் மலேரியா இல்லை. 1920களிலும் 1930களிலும் அந்தக் கொசுக்களின் முட்டைகளைப் பொறுமையாகப் பார்த்தவர்கள், முட்டையின் மேல் இருக்கும் கோலங்கள் ஒன்றுபோல் இல்லை என்று கண்டார்கள். ஒரே கொசு என்று நினைத்தது உண்மையில் பல சிற்றினங்கள், அவற்றில் சிலதான் மனிதரைத் தேடிக் கடித்து நோயைப் பரப்புகின்றன. எந்தக் கொசுவை ஒழிக்க வேண்டும் என்று அதன் பிறகுதான் தெரிந்தது. முட்டையின் மேல்தோலைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த மனிதர் உங்கள் குழுவின் முன் வந்திருந்தால், இரண்டு ஆண்டு மேற்கோள் கணக்கில் அவருக்கு என்ன மதிப்பெண் போட்டிருப்பீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

2020-இல் இன்னொன்று நடந்தது. ஜூடாக்ஸா என்ற ஆய்விதழ், உலகில் புதிதாக விவரிக்கப்படும் விலங்குச் சிற்றினங்களில் பெரும் பங்கை வெளியிடும் இதழ், இம்பாக்ட் ஃபேக்டர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. காரணம், அந்த இதழின் கட்டுரைகள் அதே இதழின் கட்டுரைகளை அதிகமாக மேற்கோள் காட்டுகின்றனவாம். ஒரு துறையின் வேலை பெரும்பாலும் ஓரிடத்தில் வெளிவந்தால் பின்னால் வருபவர் வேறு எதைக் காட்டுவார்? உலகம் முழுவதும் வகைப்பாட்டியலாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்த பிறகு சில வாரங்களில் அந்த இதழை மறுபடி சேர்த்தார்கள். நடுவில் அந்த இதழை நம்பிப் பதவி உயர்வுக்குக் காத்திருந்தவர்களுக்கு எவ்வளவு பதற்றம் இருந்திருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

துறைக்குள்ளேயே உட்பிரிவுக்கு உட்பிரிவு எத்தனை வித்தியாசம் என்பதையும் மறந்துவிடாதீர்கள். எலியின் புற்றுநோய்ச் செல்களில் வேலை செய்பவரைப் படிக்கவும் குறிப்பிடவும் உலகெங்கும் பல்லாயிரம் பேர் இருக்கிறார்கள். பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வாழும் உயிரான லைக்கனில், பாறையில் வளரும் ஒரு குடும்பத்தில் வேலை செய்பவரை மேற்கோள் காட்டக்கூடியவர்களை எல்லாம் ஒரே அறையில் உட்கார வைத்துவிடலாம். இருவரும் உயிரியலாளர்கள் என்பதால் இருவர் எண்ணையும் ஒரே பட்டியலில் மேலிருந்து கீழே அடுக்குகிறீர்கள். முதலாமவர் சுமாராக வேலை செய்தாலும் இரண்டாமவரை முந்திவிடுவார்.

அப்புறம் காலம். உயிர்கள் உங்கள் மதிப்பீட்டு ஆண்டுக்கு ஏற்றபடி வளர்வதில்லை. ரிச்சர்ட் லென்ஸ்கி என்ற பரிணாம உயிரியலாளர் 1988 பிப்ரவரியில் 12 குடுவைகளில் ஈ. கோலை பாக்டீரியாவை வளர்க்கத் தொடங்கினார், நாள்தோறும் புதுக் குடுவைக்கு மாற்றிக்கொண்டே போனார்கள். ஆக்சிஜன் இருக்கும் சூழலில் சிட்ரேட் என்ற பொருளை உண்ணும், ஈ. கோலைக்குப் பொதுவாக இல்லாத திறன் அவற்றில் ஒரு குடுவையில் மட்டும் சுமார் 31,500 தலைமுறைகளுக்குப் பிறகு வந்தது, அதைச் சொன்ன கட்டுரை 2008-இல் வெளிவந்தது, இருபது ஆண்டு. பீட்டர் கிராண்டும் ரோஸ்மேரி கிராண்டும் கலபாகஸ் தீவுக்கூட்டத்தில் டாஃப்னி மேஜர் என்ற சிறு தீவின் குருவிகளை 1973 முதல் பல பத்தாண்டுகள் விடாமல் அளந்தார்கள். ஒரு வறட்சி ஆண்டில் அலகின் அளவு மாறுவதைக் கண்ணால் பார்க்க முடிந்தது அதனால்தான். இவர்கள் இடையிடையே நிறையக் கட்டுரைகள் எழுதினார்கள், பெயரும் பெற்றார்கள், அதை மறுக்கவில்லை. இன்றைக்கு ஒப்பந்தம் மூன்று ஆண்டு, மதிப்பீடு ஐந்து ஆண்டு என்று இருக்கும் ஓர் இளம் ஆய்வாளர் இப்படி ஒரு வேலையைத் தொடங்கத் துணிவாரா என்பதுதான் என் கேள்வி. எனக்குத் தெரிந்த வரையில் துணிவதில்லை, துணிய நினைப்பவரை நாங்களே தடுத்துவிடுகிறோம், முதலில் நிரந்தர வேலை கிடைக்கட்டும் அப்புறம் பார்க்கலாம் என்று.

தாமஸ் பிராக் 1960களில் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளில் எந்த உயிர் வாழ்கிறது என்று பார்க்கப் போனார். அங்கே கிடைத்த தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்ற பாக்டீரியாவை 1969-இல் விவரித்தார். கொதிக்கும் சூட்டிலும் கெடாத அதன் நொதியை, டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆர் முறையில் பயன்படுத்தியது 1980களின் பிற்பகுதியில். உப்பளத்தில் வாழும் நுண்ணுயிரின் டிஎன்ஏவில் திரும்பத் திரும்ப வரும் ஒரு வரிசையைப் பிரான்சிஸ்கோ மொஹிகா 1993-இல் எழுதினார், அது வைரஸுக்கு எதிரான பாதுகாப்பு ஏற்பாடாக இருக்கலாம் என்ற கட்டுரையைப் பல ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பிய பிறகு 2005-இல்தான் வெளியிட முடிந்தது. மரபணுவைத் திருத்தும் கருவிக்கு வழிவகுத்த அந்த வரிசையின் பெயரான கிரிஸ்பர் இன்றைக்குச் செய்தித்தாளில் வருகிறது. காட்டலின் கரிக்கோவை அவர் வேலை பார்த்த பல்கலைக்கழகம் 1995-இல் பதவி இறக்கியது, புரதம் செய்யச் செல்லுக்குச் செய்தி கொண்டுபோகும் எம்ஆர்என்ஏ என்ற மூலக்கூறைப் பற்றிய ஆய்வுக்கு நிதி கொண்டுவர முடியவில்லை என்பது காரணம். ட்ரூ வைஸ்மனுடன் சேர்ந்து அவர் 2005-இல் வெளியிட்ட கட்டுரை அப்போது பெரிதாகக் கவனிக்கப்படவில்லை, எம்ஆர்என்ஏ வகைக் கோவிட் தடுப்பூசிகள் அதன் மேல் எழுந்தன, 2023-இல் நோபல் பரிசு வந்தது.

மேற்கோள் குறைவாக இருப்பவர் எல்லாம் ஒரு கரிக்கோ என்று வாதாட நான் வரவில்லை. பலருடைய ஆய்வு கவனிக்கப்படாமல் போவதற்குக் காரணம் அதில் கவனிக்க எதுவும் இல்லை என்பதாகவே இருக்கும். ஆனால் எவர் இந்த வகை, எவர் அந்த வகை என்று எண்ணைப் பார்த்துப் பிரிக்க முடியாது, இருவர் எண்ணும் சிறியதுதான். கட்டுரையைத் திறந்து படித்தால், எல்லா நேரமும் இல்லாவிட்டாலும், பல நேரம் பிரித்துவிட முடியும். அந்த வேலைக்காகத்தான் உங்களை அந்தக் குழுவில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

பெரிய எண்ணும் நம்பத் தகுந்ததாக இல்லை. அல்சைமர் நோயில் நினைவாற்றல் குலைவதற்கு ஒரு குறிப்பிட்ட புரதக் கொத்து காரணமாகலாம் என்று 2006-இல் நேச்சரில் வந்த கட்டுரை இரண்டாயிரத்துக்கும் மேலான மேற்கோள்களைப் பெற்றது, படங்கள் முறைகேடாக மாற்றப்பட்டிருந்தன என்பதால் 2024-இல் திரும்பப் பெறப்பட்டது. அந்தப் பதினெட்டு ஆண்டுகளில் அந்த மேற்கோள்கள் எத்தனை விண்ணப்பங்களுக்குக் கனம் சேர்த்திருக்கும். தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு சொன்ன 1998-ஆம் ஆண்டு லான்செட் கட்டுரை 2010-இல் திரும்பப் பெறப்பட்டது. அது தவறு என்று எழுதியவர்கள் எல்லோரும் அதைக் குறிப்பிட்டுத்தான் எழுத வேண்டியிருந்தது, அந்த மறுப்புகளும் மேற்கோள்களாகவே எண்ணப்பட்டன. பாராட்டையும் மறுப்பையும் பிரித்தறிய அந்தக் கணக்குக்குத் தெரியாது.

ஆசிரியர் வரிசையும் அதற்குத் தெரியாது. உயிரியலில் முதல் பெயர் பெரும்பாலும் ஆய்வகத்தில் நின்று வேலை செய்தவருடையது, கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவருடையது, நடுவில் இருப்பவர் வேலையின் பாதியையும் செய்திருக்கலாம், ஒரு மாதிரியை அனுப்பி வைத்தவராகவும் இருக்கலாம். நாற்பது பேர் எழுதிய ஒரு மரபணுத்தொகைக் கட்டுரையின் மேற்கோள்கள் நாற்பது பேர் கணக்கிலும் முழுசாக ஏறும். பெரிய ஆய்வகம் ஒன்றில் போஸ்ட்டாக், அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளராக, இருந்து வந்தவருக்கும் வசதி குறைந்த இடத்தில் தனியாக ஒரு கேள்வியை உருவாக்கி விடை கண்டவருக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை இந்த எண் தலைகீழாகக் காட்டும் வாய்ப்பு அதிகம்.

இது மாணவர்களை என்ன செய்கிறது என்று நீங்கள் பார்க்க வேண்டும். முனைவர் பட்டத்துக்குச் சேரும்போதே எந்தத் தலைப்பில் மேற்கோள் அதிகம் வரும் என்று கேட்கிறார்கள். கேட்பதில் தப்பே இல்லை, நீங்கள் எதைப் பார்ப்பீர்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஏற்கெனவே கூட்டம் நிறைந்த இடத்துக்குப் போகிறார்கள். ஒரு முழு ஆய்வாக வரவேண்டியதை மூன்றாக உடைத்து வெளியிடுகிறார்கள். சொந்தமாகத் தரவு எடுப்பதற்கு முன்பே, மற்றவர்களின் ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் மதிப்பாய்வுக் கட்டுரை எழுதுகிறார்கள், அதற்குத்தான் மேற்கோள் அதிகம் வரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், சொன்னது உண்மையும்கூட. கட்டுரையைப் பரிசீலிப்பவர் தன் பழைய கட்டுரைகள் ஐந்தைச் சேர்க்கச் சொன்னால் பேசாமல் சேர்த்துவிடுகிறார்கள். ஒருவருக்கொருவர் மேற்கோள் காட்டிக்கொள்ள ஏற்பாடு செய்துகொள்பவர்களும் இருக்கிறார்கள், பணம் கொடுத்து வாங்குபவர்களும் இருக்கிறார்கள். எதிர்பார்த்த முடிவு வரவில்லை என்ற ஆய்வு, மற்ற ஆய்வகங்களுக்குப் பல மாத உழைப்பை மிச்சப்படுத்தக்கூடியது, மேசை இழுப்பறையிலேயே கிடக்கிறது. ஆர்வத்தோடு வந்த பிள்ளைகள் இரண்டே ஆண்டில் கணக்குப் பார்க்கிறவர்களாக மாறுவதை அருகில் இருந்து பார்ப்பது கஷ்டமாக இருக்கிறது.

உங்கள் பக்கத்து நியாயம் ஒன்று இருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். எண் இல்லாவிட்டால் சிபாரிசுதான் நடக்கும், வேண்டியவரை எடுத்துக்கொள்வார்கள், எண்ணாவது எல்லோருக்கும் பொதுவாக இருக்கிறது என்று நல்ல மனதோடு சொல்பவர்கள் குழுக்களில் இருக்கிறார்கள். பாரபட்சத்தால் அடிபட்டவர்களே இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் எண் பாரபட்சத்தைத் தடுக்கவில்லை, அதை வேறு இடத்தில் மறைத்து வைக்கிறது. யார் எந்த ஆய்வகத்தில் சேர்த்துக்கொள்ளப்பட்டார், யார் பெயர் கட்டுரையில் சேர்க்கப்பட்டது, குழந்தை பிறந்ததால் யார் இரண்டு ஆண்டு எழுதவில்லை, யாருடைய ஆய்வகத்தில் கருவி இல்லை, இவை எல்லாம் சேர்ந்துதான் அந்த எண். சிபாரிசைத் தடுக்க வேண்டுமென்றால் அதற்கான வழிகள் உண்டு. எதைப் பார்த்து முடிவு செய்வோம் என்று விளம்பரத்திலேயே எழுதுங்கள். அதே உட்பிரிவில் வேலை செய்யும், விண்ணப்பதாரருடன் சேர்ந்து எழுதாத வெளியாட்கள் இருவரிடம் கருத்துக் கேளுங்கள். ஒவ்வொரு உறுப்பினரும் ஒவ்வொரு கட்டுரையைப் பற்றியும் நாலு வரி காரணம் எழுதிக் கையெழுத்திடட்டும், நிராகரிக்கப்பட்டவர் கேட்டால் அதைக் காட்டுங்கள். எழுதி வைத்த காரணத்தை எதிர்த்து ஒருவரால் வாதாட முடியும். எச்-இன்டெக்ஸ் 14 என்பதை எதிர்த்து யாரால் என்ன சொல்ல முடியும்?

நேரம் இல்லை என்பது அடுத்தது. 300 விண்ணப்பங்களையும் படிக்கச் சொல்லவில்லை. தகுதி, துறைக்கு ஏற்ற ஆளா, ஒரு பக்க ஆய்வுக் குறிப்பு இவற்றை வைத்துப் பத்துப் பேரைத் தேர்ந்தெடுங்கள். பத்துப் பேருக்கு மும்மூன்று கட்டுரை, மொத்தம் முப்பது. ஒவ்வொன்றையும் இருவர் படிக்க வேண்டும் என்றால் அறுபது வாசிப்பு, ஐந்து பேர் குழுவுக்கு ஆளுக்குப் பன்னிரண்டு. ஒரு வாரத்து மாலைகள் போதும். அதற்குப் பிறகு அந்த ஆள் உங்களுடன் முப்பது ஆண்டு வேலை செய்யப் போகிறார்.

அந்த மூன்று கட்டுரைகளோடு சில விஷயங்களை விண்ணப்பதாரரையே எழுதச் சொல்லுங்கள். கேள்வி என்ன, அதற்கு அதுவரை ஏன் விடை இல்லை, இதில் நீ உன் கையால் செய்தது என்ன, மற்றவர் யாராவது திருப்பிச் செய்து பார்த்தார்களா, எந்த இடத்தில் இந்த ஆய்வு பலவீனமானது. கடைசிக் கேள்விக்கு ஒருவர் சொல்லும் பதிலில் அவருடைய தரம் தெரிந்துவிடும் என்பது என் அனுபவம். பொதுவில் வைத்த தரவு, மற்ற ஆய்வகங்களுக்கு அனுப்பிய பாக்டீரியா வகைகள், விதைகள், ஆய்வகத்தில் வளர்த்த பூச்சி வகைகள், அருங்காட்சியகத்தில் சேர்த்த மாதிரிகள், பராமரிக்கும் மென்பொருள், வளர்த்த மாணவர்கள், இவற்றுக்கும் இடம் கொடுங்கள். புரதங்களின் முப்பரிமாண அமைப்பைச் சேர்த்துவைக்கும் புரோட்டீன் டேட்டா பேங்க் 1971 முதல் நடக்கிறது, ஆயிரக்கணக்கானவர்கள் தங்கள் தரவை அதில் வைத்ததால்தான் புரதத்தின் அமைப்பைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவான ஆல்ஃபாஃபோல்ட் போன்ற ஒன்றைப் பயிற்றுவிக்க முடிந்தது. ஓர் அமைப்பைத் தீர்த்து அங்கே வைத்துவிட்டுப் போனவருடைய பங்கு உங்கள் மூன்று கட்டங்களில் எங்கே வருகிறது?

மேற்கோள்களைப் பார்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கார்ஃபீல்ட் நினைத்தது போலப் பாருங்கள். கட்டுரையைப் படித்த பிறகு, அதை யார் எடுத்துப் பேசியிருக்கிறார்கள் என்று தேடி, இரண்டு மூன்று பேர் என்ன வாக்கியத்தில் குறிப்பிட்டிருக்கிறார்கள் என்று படித்துப் பாருங்கள். அது உதவும். ஆண்டுதோறும் வெளிவரும் உலகின் முதல் இரண்டு சதவீத விஞ்ஞானிகள் பட்டியலில் பெயர் வந்ததை விண்ணப்பத்தின் முதல் வரியில் போடுகிறார்கள். அந்தப் பட்டியலைத் தயாரிப்பவர்களே தன்னைத் தானே காட்டிய மேற்கோள்களைத் தனியாகப் பிரித்துக் காட்டுகிறார்கள், துறை வாரியாகவும் பிரிக்கிறார்கள். அவர்கள் எடுத்துக்கொள்ளும் அந்தக் கவனத்தைக்கூட நாம் எடுத்துக்கொள்வதில்லை, பெயர் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்க்கிறோம்.

நான் புதிதாக எதையும் கேட்கவில்லை என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். செல் உயிரியலாளர்களின் கூட்டம் ஒன்றில்தான், 2012 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில், டோரா பிரகடனம் பிறந்தது. ஆளை மதிப்பிட இம்பாக்ட் ஃபேக்டரைப் பயன்படுத்தாதீர்கள் என்பது அதன் முதல் வேண்டுகோள். 2015-இல், இத்தகைய எண்களை எப்படிக் கவனமாகப் பயன்படுத்துவது என்று சொன்ன லைடன் அறிக்கை வந்தது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகம் 2021-இல் வேலைக்கும் பதவி உயர்வுக்கும் இம்பாக்ட் ஃபேக்டரைப் பார்க்க மாட்டோம் என்று அறிவித்தது. உலகெங்கும் ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் டோராவில் கையெழுத்திட்டிருக்கின்றன. உங்கள் நிறுவனமும் கையெழுத்திட்டிருக்கலாம். கையெழுத்திட்டிருந்தால் தயவுசெய்து இன்றைக்கே அந்தப் படிவத்தை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள், கட்டங்கள் இன்னும் அங்கேயே இருக்கின்றனவா என்று.

அடுத்த விளம்பரம் போவதற்கு முன் படிவத்தை மாற்றுங்கள். மாற்ற உங்களுக்கு அதிகாரம் இல்லையென்றால், கூட்டத்தில் யாராவது எச்-இன்டெக்ஸை வாசிக்கத் தொடங்கும்போது, இவர் கட்டுரையை இங்கே யார் யார் படித்தீர்கள் என்று கேளுங்கள், அதற்கு எந்த அதிகாரமும் வேண்டாம். எந்த உட்பிரிவிலாவது படித்துச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை என்றால் எங்களைக் கேளுங்கள். லைக்கனோ கொசு முட்டையோ பாக்டீரியாவோ, அதைப் படித்தவர் எங்காவது ஒருவர் இருப்பார், தன் துறைக்கு வரும் ஒரு புது ஆளின் கட்டுரையைப் படித்து நேர்மையாக இரண்டு பக்கம் எழுதித் தர அவர் சந்தோஷமாக ஒப்புக்கொள்வார். நானும் ஒப்புக்கொள்வேன், காசு வேண்டாம், இரண்டு வாரம் அவகாசம் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
ஓர் உயிரியல் ஆய்வாளர்